மூன்றரைக் கிலோ

இலை நிறுக்கும் தராசில்தான் எங்களையும் நிறுத்தார்கள்.
சேரம்பாடி, ஞாயிற்றுக்கிழமை,
ஆளில்லாத கொழுந்து மடுவம்.
ஈரத்துக்கென்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிக்கும் கணக்கப்பிள்ளை
மழையில் நனைந்து வந்த எங்களுக்கு
ஒரு கிராம்கூடக் கழிக்கவில்லை.

ஏழு பெண்கள் சேர்ந்து நானூற்று நாற்பது.
மேலே போனால் சுள்ளியோட்டில்
வடத்தைத் தொடவிடமாட்டார்கள்.
பத்து ஓணமாக அந்தக் கணக்கு பிசகியதில்லை.
பரிமளகாந்தி பிள்ளை பெற்று இளைத்த வருஷம்
ஜமீலா தின்று நிரப்பினாள்.

இந்த வருஷம் ஞானசௌந்தரிக்கு முட்டி போயிற்று.
முதலிடத்தில் நின்றவள், ஐம்பத்தெட்டு கிலோ.
அங்கே வந்து நிற்கிறாள் சுகிர்தா,
பத்தொன்பது வயது, கூடலூர் காலேஜ்,
அறுபத்தொன்றரை.

மூன்றரை கூடுதல்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
சுவரில் இருந்த உர விளம்பரத்தைப் பார்த்தார்கள்.
கடைசியில் நிற்பவள் நான்.
வடத்தை உடம்பில் சுற்றித் தோளில் போட்டு
மண்ணில் குதிகாலை நடுகிறவள். எழுபத்துநாலு.
இருக்கிற இடத்தில்தானே கேட்பார்கள்.

"அவளையே குறைக்கச் சொல்லு" என்றேன்.
"குறைச்சா எனக்குக் கால் நடுங்கும்க்கா" என்றாள்.
"உங்களுக்கு அதுல பாதி வயிறுதானே."
ஜமீலா சிரித்தாள். தங்கேஸ்வரி சிரித்தாள்.
சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன்.
நேரமெடுத்தது.

பதினாறு ராத்திரி சோறில்லை.
பகலில் ஒரு ரொட்டி, ஒரு கரண்டி சம்பல்.
மூன்றாம் நம்பர் மலையில் கண் இருட்டும்போதெல்லாம்
செடிகளுக்குக் கேட்க அவளைத் திட்டினேன்.

விசில் என்றால் எங்களுக்கு இழுப்பு.
அவளுக்கு விசில் என்றால் உட்காருவது.
"இழுக்காதீங்க. பிடிச்சிட்டு இருங்க.
அவங்க மூச்சு விடட்டும்."
எந்த ஊர்க்காரர்களோ இழுப்பதை
போனில் நிறுத்தி நிறுத்திக் காட்டினாள்.
ஞானசௌந்தரி இருந்தால், என்று நான் ஆரம்பிப்பேன்.
முட்டியில் துணி சுற்றிக்கொண்டு கல்லில் இருந்த ஞானசௌந்தரி
"அந்தப் பிள்ளை சொல்றது சரிடி" என்பாள்.
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சுள்ளியோடு. சேறு. மைக்கில் மலையாளம் கொதிக்கிறது.
நானூற்று முப்பத்தொன்பதே முக்கால் காட்டியது அவர்கள் தராசு.
எதிரில் அம்பலவயல்காரிகள்.
விசில்.

கடைசியில் நிற்பவளுக்கு ஆறு முதுகுகள்தான் தெரியும்.
மற்றதெல்லாம் வடம் சொல்ல வேண்டும்.
ஞானசௌந்தரியின் இழுப்பு வெடுக்கென்று வரும்,
பிணங்கிய பெண்டாட்டி கதவு சாத்துகிற மாதிரி.
இது வேறு.
இறுகி, அசையாமல்,
உள்ளே மட்டும் ஒரு சிறு நடுக்கம்
ஆறு உடம்பைத் தாண்டி என் விலாவுக்கு வந்தது.
பயப்படுகிறாள்.
பயந்துகொண்டே காத்திருக்கிறாள்.
பத்து வருஷத்தில் நான் ஒருமுறையும் காத்திருந்ததில்லை.

குதிகாலை ஒரு விரற்கடை இறக்கினேன்.
நடுக்கம் நின்றது.
என்னால் நின்றதா, தெரியாது, கேட்கவுமில்லை.
அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டிருக்க வேண்டும்.
"இப்போ" என்று கீச்சுக் குரல்.
ஏழு பேரும் போனோம்.

அரையிறுதியில் தோற்றோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.
நாலாம் பரிசு ஒரு சேவல்.
ஜீப்பில் ஜமீலா மடியில் எல்லாரையும் முறைத்துக்கொண்டு வந்தது.
தாளூர் செக்போஸ்ட் தாண்டித் தட்டுக்கடை.
நாலு பரோட்டா தின்றேன்.
ஐந்தாவதற்குக் கை போனது.

வாய் நிறைய வைத்துக்கொண்டு எதிரிலிருந்து அவள்:
"அக்கா, அடுத்தது எருமாடு. பதினெட்டே நாள்."
எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.

ஐந்தாவதைப் பிய்த்துச் சேவலுக்குப் போட்டேன்.
அதை யாரும் நிறுக்கப் போவதில்லை.